ஏற்கெனவே எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, டாக்டர்?

ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரிலிருந்து 53 வயது வாசகர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறார். வீட்டில் 78 வயதுத் தாயார். நாற்பது ஆண்டுகளாக விறகடுப்புப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்டுப்போய், சிஓபிடி என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையும் உண்டு. மகள் சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார், இப்போது ஆறு மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறார். மகன் வழிப் பேரன் எல்கேஜி. மாதம் தவறாமல் மூக்கு ஒழுகிக்கொண்டே வீடு வருவான்.

2020 செப்டம்பரில் அந்த வீட்டில் ஐந்து பேருக்குக் கொரோனா. ஒரே கூரை, ஒரே குளியலறை. இவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை பரிசோதித்தும் நெகட்டிவ். “சின்ன வயசுலேர்ந்து பனியிலயும் சாரல்லயும் ஊறின உடம்பு. வருஷத்துக்கு நாலு தடவை சளி பிடிக்கும். அந்தச் சளியே கொரோனாவுக்குத் தடுப்பாயிடுச்சு” என்று நம்பியிருக்கிறார். கொரோனா வருவதற்கு முன்பே 40 முதல் 60 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு இருந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்திவிட்டது. 2021 ஏப்ரலில் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்தபோது, 47 வயதுத் தம்பி இவரிடம் வந்து யோசனை கேட்டார். “நம்மது மலை உடம்புடா, நமக்கெதுக்கு ஊசி” என்று சொல்லி அனுப்பினார். மே மாதம் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பதினோராம் நாள் தம்பி இறந்துபோனார். அதன் பிறகு இவர் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டார்.

இப்போது மகள், பிரசவத்துக்கு முன் வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட வேண்டும் என்கிறார். இவருக்குத் தயக்கம். எனக்கு உண்மையிலேயே முன்கூட்டிய எதிர்ப்பு இருக்கிறதா? அதைப் பரிசோதிக்க முடியுமா? பேரனின் சளி எங்களுக்கு நல்லதுதானே? சேலத்துக்கு வந்த புது வைரஸ் என்றார்களே, அதற்கும் இது உதவுமா? ஊசி போட்டால் இயற்கையாக இருப்பது கெட்டுவிடாதா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: “எனக்கு வராதது அவனுக்கு ஏன் வந்துச்சு?”

அன்புள்ள நண்பருக்கு,

எட்டுப் பக்கத்தில் ஏழரைப் பக்கம் வைரஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி அரைப் பக்கம்தான். கையெழுத்து தடுமாறியிருப்பது அந்த அரைப் பக்கத்தில்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் வைரஸ் கதையை முடித்துக்கொள்வோம், ஏனென்றால் தம்பியைப் பற்றி நான் சொல்லப்போவது அதில்தான் நிற்கிறது.

நீங்கள் நம்பியதில் பாதி உண்மை. ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுக்கதை இல்லை. ஒரு கிருமியோடு ஒருமுறை மல்லுக்கட்டிய உடம்பு, அந்தக் கிருமியின் பங்காளி வந்தாலும் முகச்சாயலை வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடும். குறுக்கு எதிர்ப்பு என்று இதைச் சொல்கிறோம். நம் ஊர் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால், ஏற்கெனவே அம்மை கண்டு தேறியவரைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீச விடுவார்கள். அந்த நோய் அவரை மறுபடி தொடாது என்பது படிக்காத பாட்டிக்கும் தெரியும். அது ஒரே நோய்க்கு. பங்காளி நோய்க்கும் இது பலிக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பேச்சு இருந்தது: பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை வந்துபோனால் பெரியம்மை வருவதில்லை. அதை நம்பி 1796-ல் எட்வர்ட் ஜென்னர் ஒரு சிறுவனின் கையில் மாட்டம்மைச் சீழைக் கீறி ஏற்றினார். வேக்சின் என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஊசி வேண்டாம் என்பதற்கு நீங்கள் காட்டும் காரணம்தான் ஊசியைப் பெற்ற தாய். கொஞ்சம் வேடிக்கைதான்.

கொரோனாவுக்கும் பங்காளிகள் உண்டு. மனிதரிடையே சாதாரணச் சளியாகச் சுற்றிவரும் கொரோனா வைரஸ்கள் நான்கு. 229இ, ஓசி43 என்ற இரண்டை 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். என்எல்63 என்பது 2004-லும் ஹெச்கேயு1 என்பது 2005-லும் தெரியவந்தன. இவற்றில் ஒன்றிரண்டு எனக்கும் உங்களுக்கும் பலமுறை வந்து போயிருக்கும். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சளி என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பல வைரஸ்கள் காட்டும் ஒரே முகம். அதில் பெரும்பங்கு ரைனோவைரஸ் என்ற வேறு குலம், அதில் மட்டும் 150-க்கு மேல் வகைகள். அவை கொரோனாவுக்கு எந்த வழியிலும் சொந்தம் இல்லை. உங்களுக்கு வருஷம் நாலு சளி என்றால், நாலும் கொரோனாவுக்கு ஒத்திகை என்று கணக்கு வைக்க முடியாது. பனியும் சாரலும் இந்தக் கணக்கிலேயே இல்லை. உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கிருமிதான், குளிர் அல்ல.

இந்த நான்கின் மீது வரும் எதிர்ப்பும் நீடிப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் பத்து ஆண்களின் ரத்த மாதிரிகளைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்ததில், ஒரு சளிக் கொரோனா வந்துபோன ஓராண்டு வாக்கிலேயே அதே வைரஸ் திரும்ப வருவது சகஜமாக இருந்தது. தன்னையே ஓராண்டுக்கு மேல் தடுக்க விடாத வைரஸ், பங்காளியைக் காலமெல்லாம் தடுக்கும் என்று எதிர்பார்க்கலாமா?

அந்த 40–60 சதவீதம் சொல்வது என்ன?

உங்களுக்கு வந்த செய்தி பொய் இல்லை, அரைகுறை. கலிஃபோர்னியாவில் லா ஹோயா என்ற இடத்தில் உள்ள ஆய்வு நிலையத்தார், 2015-க்கும் 2018-க்கும் இடையில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை 2020-ல் எடுத்துப் பார்த்தார்கள். புதிய கொரோனா பிறப்பதற்கு முந்தைய ரத்தம். அதில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குப் புதிய வைரஸின் துண்டுகளைக் காட்டினார்கள். 40 முதல் 60 சதவீதம் பேரின் செல்கள் ‘இதை எங்கோ பார்த்திருக்கிறேனே’ என்று அசைந்தன. பார்த்தது சுமார் 20 பேரின் ரத்தம். நடந்தது கண்ணாடிக் குழாய்க்குள். அந்த 20 பேரில் யாருக்கு நோய் வந்தது, யார் தப்பித்தார் என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. அதன் கேள்வியும் அது அல்ல.

உடம்பின் எதிர்ப்பில் டி செல், ஆன்டிபாடி என்று இரண்டு பேர் வருவதால் சேலத்துக்காரருக்குப் புரியும் விதமாகச் சொல்கிறேன். வைரஸை ஒரு கொலுசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி என்பது கொலுசின் பூட்டைப் பிடிக்கும் கை. பூட்டின் வடிவம் துளி மாறினாலும் பிடி நழுவிவிடும். பிடி கிடைத்துவிட்டால் வைரஸ் நம் செல்லுக்குள் நுழையவே முடியாது. டி செல் வேறு மாதிரி. கொலுசை அறுத்துத் துண்டாக்கி, உள்ளே இருக்கும் கண்ணிகளைப் பார்த்து ‘இது இன்ன பட்டறை வேலை’ என்று சொல்லும் ஆசாரி அது. பங்காளி வைரஸ்களுக்குள் பூட்டு மாறும்; உள்கண்ணிகள் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவேதான் பழைய சளி பார்த்த டி செல்லுக்குப் புதிய வைரஸும் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் ஆசாரி வேலையைத் தொடங்குவதற்கு முன் வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்திருக்க வேண்டும். அதனால் டி செல் பெரும்பாலும் நோயை வாசலில் நிறுத்துவதில்லை. உள்ளே வந்ததைச் சீக்கிரம் முடித்து வைக்கிறது. ‘எனக்கு வராது’ என்பதும் ‘வந்தால் லேசாகப் போகலாம்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் ஆதாரம் கூடுதல்.

உங்கள் பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த 52 பேரைக் கவனித்தார்கள். தொற்றாமல் தப்பித்த 26 பேரிடம், பழைய சளிகளிலிருந்து வந்த டி செல்கள் கூடுதலாக இருந்தன. நீங்கள் அந்த 26 பேரைப் போன்றவராக இருக்கலாம். அதே ஆய்வாளர்கள், இதை மட்டும் நம்பி யாரும் இருந்துவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த இரண்டாவது வாக்கியம் வழியிலேயே உதிர்ந்துவிடும். இன்னொரு பக்கம், ஜெர்மனியில் பார்த்தபோது இந்தப் பழைய செல்கள் புதிய வைரஸை இறுக்கமாகப் பிடிக்காமல் தொட்டும் தொடாமலும் இருந்தன. கடுமையாக நோயுற்றவர்களிடமும் அவை இருந்தன.

பாட்டிக்குத்தானே அதிகம் சளி பிடித்திருக்கும்?

நுணுக்கமெல்லாம் வேண்டாம் என்றால், இந்த ஒரு கேள்வி போதும். சளி பிடித்துப் பிடித்துத்தான் காப்பு வருகிறது என்றால், 2020-ல் மிகவும் பத்திரமாக இருந்திருக்க வேண்டியவர்கள் யார்? வாழ்நாளெல்லாம் சளி பார்த்த எழுபது, எண்பது வயதுக்காரர்கள். நடந்தது நேர்மாறு.

குறுக்கு எதிர்ப்பு நிஜமாகவே வலுவாக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதை 2009-ல் பார்த்தோம். பன்றிக் காய்ச்சல் என்று நாம் பேர் வைத்த ஹெச்1என்1 ஃப்ளூ அது. வழக்கமாக ஃப்ளூ முதியவர்களைத்தான் சாய்க்கும். அந்த முறை இளைஞர்களும் கர்ப்பிணிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். முதியவர்களுக்குத் தொற்றியது குறைவு. காரணம் அவர்கள் பிறந்த ஆண்டில் இருந்தது. 1918-ல் வந்த ஹெச்1என்1 ஃப்ளூவின் வாரிசுகள் 1957 வரை உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. 1957-ல் ஆசிய ஃப்ளூ வந்து அவற்றைத் துரத்திவிட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் அந்தப் பழைய உறவை நேரில் பார்த்தவர்கள். அமெரிக்காவில் அப்போது பார்த்ததில், 60 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில், புது வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி முன்பே இருந்தது. குழந்தைகளிடம் இல்லை.

உங்கள் அம்மா 1947 வாக்கில் பிறந்தவர். பத்து வயதுக்குள் அந்தப் பழைய ஃப்ளூ அவரைத் தொட்டிருக்கலாம். பேரனிடம் இல்லாத ஒரு நினைவு பாட்டியின் ரத்தத்தில் இருக்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து இன்றைக்கு அவரை ஊசியில்லாமல் விட முடியாது. ஹெச்1என்1 மட்டும் சுற்றவில்லை. முதியவர்களை அதிகம் படுத்தும் ஹெச்3என்2 என்ற இன்னொரு ஃப்ளூ கூடவே சுற்றுகிறது. அதைவிட முக்கியம், எந்த நினைவு இருந்தாலும் புகை தின்ற நுரையீரலுக்கு ஒரு சாதாரண ஃப்ளூவே பெரும் சுமை.

2021 தொடக்கத்தில் நம் நாட்டிலும் இதே மயக்கம் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேலை நாடுகளில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், நமக்கு ஒன்றுமில்லை, மண்ணின் வாகு, பிசிஜி என்ற காசநோய் ஊசி, மஞ்சள், மிளகு ரசம் என்று ஆளுக்கொரு காரணம். அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ரத்தத்தில்தான் கொரோனா ஆன்டிபாடி இருந்தது. மற்றவர்களை வைரஸ் இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா என்ற உருமாறிய கொரோனா எட்டியது. அப்படி நம்பியவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாடே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்த மருத்துவர்களிலும் சிலர்.

உங்களுக்கு ஏன் வரவில்லை, சோதித்துப் பார்க்கலாமா?

உங்களுக்கு 2020-ல் ஏன் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. வந்தும் தெரியாமல் போயிருக்கலாம். மூக்கில் எடுக்கும் பரிசோதனை, நாள் தவறினால் நெகட்டிவ் காட்டும். தோட்டத்தில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் இருந்ததால் கிருமி குறைவாகச் சேர்ந்திருக்கலாம். பிறப்பிலேயே வரும் மரபணு வாகும் உண்டு: ஹெச்எல்ஏ-பி*15:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தொற்று வந்தும் அறிகுறியே இல்லாமல் போவது கூடுதலாக இருந்ததை 2023-ல் எழுதினார்கள். பழைய சளியின் டி செல்லாகவும் இருக்கலாம். இதில் எது என்று தெரியாது.

லேபில் பணம் கட்டி ஆன்டிபாடி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு ஊசி போட்டாயிற்று, பிறகு வந்த ஒமிக்ரான் உங்கள் மலையை விட்டுவைத்திருக்காது. இப்போது பார்த்தால் ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும், ஆனால் அது 2020-ஐப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. டி செல்லைப் பார்க்கும் சோதனை ஆய்வுக்கூட வேலை. அதில் எவ்வளவு இருந்தால் பத்திரம் என்று வரையறுத்த அளவு எதுவும் கிடையாது. அந்தப் பணத்துக்கு அம்மாவுக்கு நிமோனியா ஊசி போடலாம்.

பேரனின் சளி

எல்கேஜி பிள்ளைக்குச் சளி வருவதைத் தடுக்க முடியாது, அவன் உடம்பு அதில் பாடம் படிக்கத்தான் செய்யும். அதற்காக, ‘நல்லதுதான், நமக்கும் ஒட்டட்டும்’ என்று மூக்கு ஒழுகும் பையனைப் பாட்டி மடியில் போடுவது வேறு விஷயம். அவனுக்கு மூன்று நாள் சளி, பாட்டிக்கு மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கைக்குழந்தை வந்த பிறகு இன்னும் கவனம்.

குறுக்கு எதிர்ப்பு எப்போதும் நல்ல பக்கம்தான் சாயும் என்றும் நினைக்க வேண்டாம். 2017-ல் டெங்கு சேலத்தை எப்படிப் படுத்தியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெங்குவில் நான்கு வகைகள், நான்கும் பங்காளிகள். முதல் டெங்கு தந்த ஆன்டிபாடி, வேறு வகை இரண்டாம் முறை வரும்போது அதைச் சரியாகப் பிடிக்க முடியாமல், செல்லுக்குள் அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் இரண்டாவது டெங்கு சிலரை மோசமாகத் தாக்குகிறது. கொரோனாவிலோ ஃப்ளூவிலோ இந்த அளவுக்கு ஆபத்து தெரியவில்லை. ஆனால் ‘முன்பே பார்த்த உடம்பு’ என்பது தானாகவே நன்மை என்ற எண்ணத்தை டெங்கு கலைத்துவிடும்.

சேலத்துக்கு வந்த புது வைரஸைப் பற்றி. 2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் ஹெச்எம்பிவி என்ற சளி வைரஸ் இருப்பதாக அரசு சொன்னபோது, எனக்கும் ஒரே நாளில் நாற்பது போன். அது புதிது இல்லை. 2001-ல் நெதர்லாந்தில் பெயர் வைத்தார்கள். 1950-களில் எடுத்து வைத்த பழைய ரத்தத்திலும் அதன் தடயம் இருந்தது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறை வந்து போய்விடும். அங்கே நீங்கள் கேட்கும் குறுக்கு எதிர்ப்புக்கே தேவையில்லை, நேரடி அறிமுகமே இருக்கிறது. பரிசோதனைதான் புதிது.

தம்பி

உங்களுக்கு வராதது அவருக்கு ஏன் வந்தது? நீங்கள் தப்பித்தது 2020-ன் வைரஸிடம். அவரைப் பிடித்தது டெல்டா. அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் பரவியது. அவர் அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர், நாளுக்கு நூறு முகம் பார்த்தவர். கடுமையாக நோயுற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு, வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளையே தாக்கும் ஆன்டிபாடி தன் உடம்பிலேயே இருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். அப்படி இருப்பது நோயாளிக்கே தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பனியில் வளர்ந்தவர்கள் என்றாலும் இந்த விஷயங்களில் உடம்புகள் வேறு வேறு. உங்கள் உடம்பு மலை உடம்பாக இருந்ததால் நீங்கள் பிழைக்கவில்லை. அவருடைய உடம்பு சோடை போனதால் அவர் போகவில்லை.

நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அன்றைக்குப் போடச் சொல்லியிருந்தால்? ‘அதனால் ஒன்றும் மாறியிருக்காது’ என்று ஆறுதலாக எழுதிவிடலாம். அப்படி எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஏப்ரலில் முதல் ஊசி போட்டிருந்தால், மே மாதத்துக்குள் இரண்டாவது ஊசிக்குப் பெரும்பாலும் நாள் வந்திருக்காது. ஒற்றை ஊசி டெல்டா தொற்றுவதைத் தடுப்பதில் பலவீனமானது. மரணத்தைத் தடுப்பதில் அதைவிட நன்றாக உதவியது. ஆகவே உதவியிருக்கலாம், உதவாமலும் போயிருக்கலாம். நீங்கள் சொன்னது தவறான யோசனை. தெரிந்து சொன்ன தவறு அல்ல. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் உண்மை என்று நம்பியதையே, உங்களுக்கு மிகவும் பிரியமானவருக்கும் சொன்னீர்கள். இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றை விட்டால்தான் தூக்கம் கெடும். நான்கு ஆண்டாகியும் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. போக மனம் வராவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவியின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இப்போது செய்ய வேண்டியது

ஊசி போட்டால் இயற்கையாக இருப்பது கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு பெர்லினில் செய்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது: பழைய சளியின் டி செல் வைத்திருந்தவர்களுக்குக் கொரோனா ஊசி இன்னும் வேகமாக, நன்றாக வேலை செய்தது. இரண்டும் எதிரிகள் இல்லை. முன்பே கொஞ்சம் படித்த பிள்ளைக்குப் பாடம் சீக்கிரம் ஏறுவது போலத்தான்.

இன்னொன்று. ஃப்ளூ ஊசி, சுற்றும் வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. அதே 40, அதே 60. ஆனால் இது குழாயில் அசைந்த செல்லின் கணக்கு இல்லை. ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் எத்தனை பேர் நோயாகி வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த கணக்கு. முழுக் காப்பு இல்லைதான். உங்கள் வாட்ஸ்அப் எண்ணைவிட இதை நம்பலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதத்தில் போட முடியாத செலவு என்றால், இந்த வரிசையில் போடுங்கள்.

மகளுக்கு முதலில். கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் செயலிழந்த வைரஸ் கொண்ட ஃப்ளூ ஊசி போடலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையைக் காக்கும் என்பதால், ஒரு ஊசியில் இரண்டு உயிர். 27-லிருந்து 36 வாரத்துக்குள், கக்குவான் இருமலையும் தடுக்கும் டிடேப் என்று ஒன்றும் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். அரசுத் திட்டத்தில் கொடுக்கும் டிடி ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லை. அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் முதலில் பேசட்டும்.

அடுத்தது அம்மா. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். நான் முன்பு சொன்ன நிமோனியா ஊசி, அதாவது நிமோகாக்கல் ஊசி, தனி. எந்த வகை, எத்தனை முறை என்பதை அவர் பார்க்கும் மருத்துவர் சொல்வார். கை வலியும் ஒருநாள் உடம்பு வலியும் வரலாம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். காபி பழம் பறிக்க ஆள் கூடும் நாளும், பனியும், பிரசவமும் ஒன்றாக வரப்போகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி, அம்மா நன்றாக இருக்கும் நாளிலேயே அவருடைய வழக்கமான எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். உங்கள் மலை உயரத்தில் அது சேலத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், பயப்பட வேண்டாம். அந்த வழக்கத்திலிருந்து மூன்று நான்கு குறைந்தாலோ, பேச்சு முடிக்க மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதை நினைத்து முன்னதாகவே கிளம்புங்கள். காலை வரை பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். அப்புறம் அந்த விறகடுப்பு. எந்த ஊசியையும்விட அம்மாவின் நுரையீரலுக்கு அது அணைவதுதான் பெரிய உதவி. வெந்நீருக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெந்நீர் அடுப்புக்கு முன்னால் தினமும் உட்காருவதும் அவர்தான்.

பேரனுக்கும் உங்களுக்கும் அதன் பிறகு. பையனுக்கு முதல் முறை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். உங்களுக்கு ஒன்று போதும்.

கடிதத்தில் தம்பி மனைவி இரண்டே இடத்தில்தான் வருகிறார். கீழ் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு இடம், மூச்சிழுப்பு இருக்கிறது என்று ஒரு இடம். மகள் போட்ட ஊசிப் பட்டியலை நீங்கள் அப்படியே எழுதியனுப்பியிருக்கிறீர்கள், அதில் அவர் இல்லை. குழந்தை பிறந்தால் தூக்கிக் குளிப்பாட்டப் போவது அவராகத்தான் இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் இறங்கும் அன்று அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இருவருடைய இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போய், எப்படி இழுக்கிறார்கள் என்று மருத்துவர் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள்.